மடியில் கனம்

போன சனிக்கிழமை கெல்லரைத் துப்புரவாக்கினேன். ஜேர்மனியில் இருக்கிற எங்கடை ஆட்களுக்குத் தெரியும், கெல்லருக்குள் இறங்கின சாமான் லேசில் மேலே ஏறி வராது. பிள்ளைகளின் பழைய சைக்கிள், யாரோ ஊரிலிருந்து காவிக்கொண்டு வந்த அம்மி, வேலை செய்யாத ரெலிவிசன்... இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு துவாயில் சுற்றியபடி ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருந்தது. 10 அங்குலத் திரை உள்ள மடிக்கணினி. ஒரு காலத்தில் நெற்புக் என்று கடை கடையாக அடுக்கி வைத்து விற்றார்களே, அது.

"இஞ்சேருங்கோ, உதையும் கொண்டுபோய்ப் போட்டிட்டு வாங்கோ. இனி ஆர் உதிலை தட்டப்போகினம்?" என்றார் மனைவி.

போடத்தான் நினைத்தேன். ஆனால் சார்ஜரும் அதே துவாய்க்குள் இருந்தது. மேலே கொண்டுவந்து செருகிப் பார்த்தேன். பற்றரி செத்துப்போயிருந்தாலும் மின்சாரத்தில் எழும்பியது. நாலைந்து நிமிடம் மூச்சிரைத்த பிறகு விண்டோஸ் எக்ஸ்பியின் பச்சை மலையும் நீல வானமும் வந்தன. உள்ளே இருக்கிற சின்னப் பற்றரியும் போய்விட்டதால் திகதியை மறந்துபோயிருந்தது. 2009 ஜனவரி 1 என்று காட்டியது. அந்தப் பெட்டியைப் பொறுத்தவரை கிளிநொச்சி விழ இன்னும் ஒரு நாள் இருந்தது.

உள்ளே ஒரு கோப்பு இருந்தது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முதல் இந்தச் சின்னப் பெட்டிகளின் கதையைச் சொல்ல வேண்டும். ஐந்தாறு வருடத்துக்குள் உலகம் முழுக்கப் பரவி, பிறகு சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட ஒரு சாமான் இது. இப்போது வளரும் பிள்ளைகளிடம் கேட்டால் அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

காவிக்கொண்டு போகக்கூடிய கணினி என்று முதன்முதலில் கடையில் நன்றாக விற்றது ஒஸ்போர்ன் 1. 1981 ஏப்ரலில் அமெரிக்காவில் வந்தது. காவலாம் என்றுதான் பெயர், நிறை கிட்டத்தட்ட 11 கிலோ! தையல் மெசின் பெட்டி மாதிரி ஒரு பெட்டி. மூடியைத் திறந்தால் அதுதான் விசைப்பலகை. நடுவில் 5 அங்குலத் திரை, இரண்டு பக்கமும் பிளொப்பி செருகும் வாய்கள். விமானத்தில் இருக்கைக்குக் கீழே வைக்கலாம் என்று விளம்பரம் செய்தார்கள். ஆனால் உள்ளே பற்றரி இல்லை, சுவரில் மின்சாரம் இருந்தால்தான் வேலை செய்யும். விலை 1795 டொலர். எழுதுவதற்கும் கணக்குப் பார்ப்பதற்குமான மென்பொருட்களை அந்த விலைக்குள்ளேயே சேர்த்துக் கொடுத்தார்கள். தனியே வாங்கினால் அந்த மென்பொருட்களுக்கே கணினியின் விலை வந்துவிடும் என்பதால் சனம் விழுந்தடித்து வாங்கியது. உச்சத்தில் மாதத்துக்கு 10,000 பெட்டிகள் வரை விற்றன.

இதை விற்ற அடம் ஒஸ்போர்ன் யார் என்று பார்த்தால் எங்களுக்கு ஒரு ஆச்சரியம் இருக்கிறது. அவர் 1939இல் பாங்கொக்கில் பிறந்த ஆங்கிலேயர். தகப்பன் ஆதர் ஒஸ்போர்ன் அங்கே சுலலோங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். ரமண மகரிஷியைப் பற்றி வாசித்தவர்கள் இந்தப் பெயரை அறிந்திருப்பீர்கள், மகரிஷியைப் பற்றி ஆங்கிலத்தில் நிறைய எழுதிய அதே ஆதர் ஒஸ்போர்ன்தான். போர் நெருங்கியபோது மனைவியையும் பிள்ளைகளையும் திருவண்ணாமலையில் விட்டுவிட்டு அவர் பாங்கொக் திரும்பினார். யப்பானியர் வந்து அவரைப் பிடித்து முகாமில் அடைத்தார்கள். போர் முடியும்வரை தாயும் பிள்ளைகளும் திருவண்ணாமலையில் காத்திருந்தார்கள். அடம் அங்கே வளர்ந்து, கொடைக்கானலில் பள்ளிக்கூடம் படித்து, 11 வயதில்தான் இங்கிலாந்துக்குப் போனார்.

தகப்பன் முகாமில், குடும்பம் வேறொரு நாட்டில். எங்கடை வீடுகளில் இந்தக் கதைக்குப் பஞ்சமில்லை. அதனால்தான் அவர் காவிச் செல்லும் கணினி செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் பொய். அவர் கெட்டிக்கார வியாபாரி, அவ்வளவுதான். ஆனால் இந்தப் பெட்டிகளின் வரலாற்றில் முதல் பெயரே கிரிவலப் பாதையில் வளர்ந்த ஒரு பிள்ளையின் பெயர் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

கொம்பனி அதிக நாள் நிற்கவில்லை. அடுத்த மொடல் வரப்போகிறது என்று முந்தியே பேச்சு அடிபட, சனம் இருக்கிறதை வாங்காமல் காத்திருந்தது என்று சொல்வார்கள். கையில் இருக்கிறதை விற்று முடிக்க முதல் அடுத்ததைப் பற்றி வாய்விட்டுக் கெடுவதற்கு இன்றைக்கும் வியாபாரத்தில் அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 1983 செப்டெம்பரில் கொம்பனி வங்குரோத்து ஆனது. 83 என்றவுடன் எங்களுக்கு வேறொன்றுதான் ஞாபகம் வரும், அதை விடுவம். அடம் ஒஸ்போர்ன் கடைசிக் காலத்தில் நோயாளியாகி, திரும்பவும் கொடைக்கானலுக்கே வந்து 2003இல் காலமானார்.

நான் ஜேர்மனிக்கு வந்தது 1985இல். அந்தக் காலத்தில் வந்த மற்றவர்களைப் போலக் கிழக்கு பெர்லினில் இறங்கி, றெயிலில் மேற்குக்கு வந்தவன். கையில் ஒரு தோள்பை. அதற்குள் இரண்டு சேட்டு, ஒரு காற்சட்டை, ஓ.எல். சேர்ட்டிபிக்கற், அம்மா கட்டித்தந்த விபூதிச் சரை. அந்த வருடம்தான் தொஷிபா தன்னுடைய ரி1100 என்ற மடிக்கணினியை ஐரோப்பாவில் விற்கத் தொடங்கியது. நிறை 4 கிலோ சொச்சம். என்னுடைய தோள்பையே அவ்வளவு வந்திருக்காது. கடைக் கண்ணாடிக்குள் அந்தச் சாதி சாமான்களைப் பார்த்துக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது. வேலை செய்ய அனுமதி இல்லாத காலம், பார்க்கத்தான் காசு தேவையில்லை.

அதற்குப் பிறகு 20 வருடமாக ஒரு விதி மாறாமல் இருந்தது. கணினி எவ்வளவு சின்னதோ அவ்வளவு விலை. 1996இல் யப்பானில் தொஷிபா விட்ட லிப்ரெற்றோ ஒரு கிலோவும் இல்லை, ஒரு தடித்த புத்தகம் அளவுதான். ஆனால் அது கோட் போட்டுக்கொண்டு விமானத்தில் திரிகிறவர்களுக்கான சாமான். காரணமும் விளங்குகிறதுதான். சின்னத் திரை, சின்னப் பலகை, சின்னப் பற்றரி எல்லாம் அதற்கென்றே தனியாகச் செய்ய வேண்டும். வாங்குகிறவர்கள் குறைவென்றால் ஒவ்வொன்றின் தலையிலும் செலவு ஏறும்.

ஒரேயொரு விதிவிலக்கு என்று 1983இல் வந்த ரிஆர்எஸ்-80 மொடல் 100 ஐச் சொல்லலாம். கியோசெரா செய்து கொடுத்தது. திரையில் எட்டு வரிதான் தெரியும். சாதாரண டோர்ச் லைற்றுக்குப் போடுகிற சின்னப் பற்றரி நாலு போட்டால் 20 மணித்தியாலம் ஓடும். பத்திரிகையாளர்கள் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்து, எழுதினதை ரெலிபோன் வயரிலேயே கந்தோருக்கு அனுப்பினார்கள். எழுதுவதற்கென்றே செய்த பெட்டி. விளையாட்டு இல்லை, படம் இல்லை, திறந்த உடனே எழுதலாம். இதை மனதில் வைத்திருங்கோ, பிறகு தேவைப்படும்.

அந்த விதியை உடைத்தவர்கள் கணினி வியாபாரிகள் இல்லை. 2005 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் நிக்கொலஸ் நெக்ரொபொன்ரி என்ற அமெரிக்கப் பேராசிரியர், ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கு 100 டொலருக்கு மடிக்கணினி செய்யப்போகிறேன் என்று அறிவித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அதே வருடம் நவம்பரில் துனிஸ் நகரத்தில் ஐ.நா. செயலாளர் கொஃபி அனானோடு சேர்ந்து மாதிரியைக் காட்டினார். மின்சாரம் இல்லாத இடத்தில் சுற்றிச் சார்ஜ் பண்ண ஒரு மஞ்சள் கைபிடி இருந்தது. மேடையிலேயே அந்தக் கைபிடி கழன்றுபோனது! கடைசியில் 2007இல் வெளிவந்த பச்சையும் வெள்ளையுமான பெட்டியில் கைபிடியே இல்லை. விலையும் 100 இல்லை, 200 டொலருக்குக் கிட்ட. ஆனால் மேரி லூ ஜெப்சன் என்ற பெண் வடிவமைத்த திரை கொளுத்தும் வெயிலிலும் வாசிக்கக்கூடியதாக இருந்தது. அந்தக் காலத்து விலையுயர்ந்த மடிக்கணினிகள் பலவற்றில்கூட அது முடியாது. உருகுவே நாடு தன்னுடைய ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் அதைக் கொடுத்தது. மற்ற நாடுகள் பல, பேசினதோடு சரி.

நெக்ரொபொன்ரியின் திட்டம் அவர் சொன்ன அளவுக்கு வெல்லவில்லை. ஆனால் அந்தப் பெட்டியைத் தொழிற்சாலையில் செய்தது தாய்வானின் குவான்ரா. மலிவாகச் செய்யலாம் என்பதைத் தாய்வான்காரர் கண்ணால் கண்டுவிட்டார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய சாமானைப் பணக்கார நாடுகளில் விற்றால் என்ன என்று யோசித்ததுதான் அடுத்த கதை.

2007 ஜூனில் தாய்பேயில் நடந்த கணினிக் கண்காட்சியில் அசுஸ் கொம்பனி ஈ பிசி 701 என்ற பெட்டியைக் காட்டியது. ஒக்ரோபரில் விற்பனைக்கு வந்தது. 7 அங்குலத் திரை. நிறை 920 கிராம். சுழலும் வட்டு இல்லை, அதற்குப் பதில் 4 கிகாபைற் பிளாஷ் நினைவகம். இன்ரெலின் பழைய செலரோன். விண்டோஸ் இல்லை, லினக்ஸ். ஒவ்வொன்றையும் பாருங்கோ, மிச்சம் பிடித்ததுதான் தெரியும். 7 அங்குலத் திரை காரில் வைத்துப் படம் பார்க்கிற டிவிடி பெட்டிகளுக்காக ஏற்கனவே இலட்சக்கணக்கில் செய்துகொண்டிருந்த அளவு. லினக்ஸுக்கு உரிமக் காசு இல்லை. எங்கடை அம்மாமார் மிஞ்சின இடியப்பத்தை அடுத்த நாள் கொத்திப் பிரட்டித் தருவதைப் போலத்தான்.

ஜேர்மன் கடைகளுக்கு 2008 ஜனவரியில் வந்தது, விலை 299 யூரோ. அதே ஜனவரியில்தான் ஸ்ரீவ் ஜொப்ஸ் மேடையில் ஒரு கடித உறைக்குள் இருந்து மக்புக் எயாரை உருவிக் காட்டினார். அதன் விலை 1799 டொலர். ஒஸ்போர்ன் பெட்டியின் விலையோடு நாலு டொலர்தான் வித்தியாசம்! பத்திரிகைகள் அந்த உறையைப் பற்றித்தான் எழுதின. எங்கடை ஆட்கள் வரிசையில் நின்றது 299 யூரோப் பெட்டிக்கு.

நானும் நின்றேன். அந்த நேரம் இரவு வேலை. பொதி கட்டும் தொழிற்சாலை, 10 மணிக்குத் தொடங்கி விடிய 6 மணி. நடுவில் 30 நிமிட இடைவேளை. வீட்டில் இருந்த பெரிய கணினி பிள்ளைகளின் சொத்து, நாங்கள் கிட்டப் போக முடியாது. இந்தச் சின்னப் பெட்டியைச் சாப்பாட்டுப் பெட்டியோடு ஒரே பைக்குள் வைக்கலாம். பாணையும் சம்பலையும் ஒரு கையால் தின்றுகொண்டு மற்றக் கையால் தட்டுவேன். நான் எழுதிய பழைய நினைவுகள் பாதிக்கு மேல் அப்படித் தட்டினதுதான். சில இடங்களில் வசனம் திடீரென்று முடிந்திருந்தால், அது மணி அடித்ததால்.

எழுதுவது லேசாக இருக்கவில்லை. என்னுடைய விரல்கள் மரப்பெட்டி தூக்கித் தடித்த விரல்கள், ஒரு விசையை அமத்தினால் இரண்டு எழுத்து விழும். லினக்ஸில் தமிழ் தட்ட வைக்கவே இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. ஊர்ப் பத்திரிகை நண்பர்கள் பாமினி எழுத்துருவில் அனுப்புவதைப் பொங்குதமிழ் எழுத்துருமாற்றியில் போட்டு யூனிகோட் ஆக்கி வாசித்த காலம் அது. ஆனாலும் ஒரு கிலோவும் இல்லாத பெட்டியில் என்னுடைய மொழி தெரிகிறது என்ற புளுகம் இருந்ததே... 23 வருடத்துக்கு முதல் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்றவனுக்கு அது பெரிய புளுகம்தான்.

பிறகு எல்லாரும் வந்தார்கள். 2008இல் இன்ரெல் அற்றம் என்ற சின்னச் சில்லை விட்டது. இரண்டரை வாற் மின்சாரம்தான் குடிக்கும், சூடு குறைவு, விலையும் குறைவு. ஏசர், எம்எஸ்ஐ, எச்பி, டெல், சம்சுங் என்று அந்த ஒரு வருடத்துக்குள் எல்லோரிடமும் ஒரு நெற்புக் இருந்தது. அந்தப் பெயருக்கும் ஒரு சண்டை. 1999இலேயே நெற்புக் என்ற பெயரில் ஒரு பெட்டி விற்ற இங்கிலாந்தின் சியோன் கொம்பனி, அது எங்கடை பெயர் என்று கடிதம் அனுப்பத் தொடங்கியது. டெல்லும் இன்ரெலும் வழக்குக்குப் போக, 2009 நடுப்பகுதியில் சியோன் விட்டுக்கொடுத்தது.

2008 செப்டெம்பரில் லீமன் வங்கி விழுந்து உலகம் முழுக்கக் காசுத் தட்டுப்பாடு வந்தது இந்தப் பெட்டிகளுக்கு நல்லகாலமாகப் போயிற்று. பெரியது வாங்க முடியாதவர்கள் சின்னதை வாங்கினார்கள். ரெலிபோன் கொம்பனிகள் இன்னொரு வேலை செய்தன. 1 யூரோவுக்கு நெற்புக்! ஆனால் இணையக் குச்சியோடு 24 மாத ஒப்பந்தம். கூட்டிப் பார்த்தால் பெட்டியின் விலை இரண்டு மடங்காகும். எங்களுக்குள் எத்தனை பேர் அதில் கையெழுத்து வைத்தோம் என்று கேட்காதேங்கோ.

மைக்ரோசொப்ற்றுக்குத்தான் பெரிய தலையிடி. அப்போதைய புதிய விண்டோஸ் விஸ்ரா, அதை இந்தப் பெட்டிகளால் சுமக்க முடியாது. விட்டால் ஏழைகளும் மாணவர்களும் லினக்ஸுக்குப் பழகிவிடுவார்கள். அதனால் 2008 ஜூனோடு கடையிலிருந்து எடுக்கவிருந்த பழைய எக்ஸ்பியை, மலிவுக் கணினிகளுக்கு மட்டும் 2010 வரை தருவோம் என்று 2008 ஏப்ரலில் அறிவித்தார்கள். ஆனால் சும்மா இல்லை, பெட்டி சின்னதாகவே இருக்க வேண்டும் என்று அளவுகள் வைத்தார்கள். அந்தக் காலத்து நெற்புக் ஏறக்குறைய எல்லாமே 1 கிகாபைற் நினைவகத்தோடு வந்தது இதனால்தான். கூட்டினால் மலிவு எக்ஸ்பி கிடையாது. பிறகு 2009இல் விண்டோஸ் 7இன் ஸ்ராட்டர் என்ற குறைந்த வகையை நெற்புக்குக்கு விட்டார்கள். அதில் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது! பிள்ளையின் படத்தைப் போட வேண்டுமென்றால் கூடக் காசு கட்டு. மலிவானதை வாங்கினவன் மலிவானதை வாங்கினேன் என்று ஒவ்வொரு நாளும் ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நானும் 2009 தொடக்கத்தில் 10 அங்குலத் திரையோடு, எக்ஸ்பி போட்ட ஒன்றை வாங்கினேன். 7 அங்குலத்தை மகள் எடுத்துக்கொண்டாள். கொம்பனியின் பெயர் வேண்டாம். எக்ஸ்பியில் தமிழ் ஒழுங்காகத் தெரிய, கொம்பும் காலும் இடம் மாறாமல் இருக்க, சில கோப்புகளை விண்டோஸ் சீடியிலிருந்து போட வேண்டும். அந்தப் பெட்டியில் சீடி போட வாயே இல்லை. தெரிந்த பெடியன் ஒருவன் யூஎஸ்பி குச்சியில் கொண்டுவந்து போட்டுத் தந்தான். திரையின் உயரம் காணாததால் சில பெட்டிகள் திறந்தால் 'சரி' என்கிற பொத்தான் திரைக்குக் கீழே போய்விடும், கண்ணை மூடிக்கொண்டு எண்டர் தட்ட வேண்டியதுதான். இன்னொரு தொல்லை டொச் விசைப்பலகை. அதில் வையும் செட்டும் இடம் மாறி இருக்கும். நான் போட்டிருந்த தமிழ்த் தட்டச்சு ஆங்கில விசைப்பலகையை நினைத்துச் செய்தது. 'ழ' வேண்டுமென்று தட்டினால் 'ய' வரும். நான் பழகிவிட்டேன்.

அந்த வருடம் நடந்ததை நான் எழுதத் தேவையில்லை. நவம்பரில் மனைவியின் அண்ணரின் மகன் ஜேர்மனி வந்து சேர்ந்தான். வயது 22. முள்ளிவாய்க்கால் வரை நடந்து, மெனிக் பாமில் இருந்து வெளியேறி வந்தவன். எப்படி வந்தான் என்பதை எழுத முடியாது. நாங்கள் ஹைம் என்று சொல்லும் அகதிகள் விடுதியில், ஒரு அறையில் நாலு பேர். எங்கள் இடத்திலிருந்து 200 கிலோமீற்றர். அவன் தன் மாவட்டத்தைத் தாண்ட அந்தக் காலத்தில் அனுமதி வேண்டும், ஆகவே நாங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் முறை போனபோது விசாரணைக்குத் திகதி வந்திருந்தது. விசாரணையில் என்ன கேட்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். எப்போது, எங்கே, அடுத்தது எங்கே, எத்தனை நாள். ஒரு திகதி மாறினாலும், முதல் அப்படிச் சொன்னீர், இப்போது இப்படிச் சொல்கிறீர் என்பார்கள். 1985இல் நான் என்னுடைய கதையை ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி எழுதிக் கிழித்தவன். ஒரு சம்பவத்தை இடையில் மறந்துவிட்டால் முழுதாகத் திருப்பி எழுத வேண்டும்.

"தம்பி, எல்லாத்தையும் ஒருக்கா எழுதிப் பாரன்" என்றேன்.

"எழுதினான் மாமா. ஒழுங்கு வரேல்லை. எது முதல், எது பிறகு எண்டு மாறுது" என்றான்.

பையிலிருந்த நெற்புக்கை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். வெட்டி ஒட்டுவது எப்படி என்று பத்து நிமிடம் காட்டினேன், அவ்வளவுதான். அங்கே இணையம் இல்லை, தேவையும் இல்லை. பகலில் அறையில் சத்தம். இரவில் மற்றவர்கள் படுத்த பிறகு போர்வைக்குள் வைத்துத் தட்டியிருக்கிறான். கிளிநொச்சி, தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன்... ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரி. பிறகு ஞாபகம் வர வர ஒவ்வொரு வரிக்குக் கீழும் இன்னொன்று. தங்கச்சி காயப்பட்டது உடையார்கட்டிலா தேவிபுரத்திலா என்று அவனுக்கு நாலு நாள் பிடிபடவில்லையாம். அந்தப் பந்தியை மேலே தூக்கிப் போட்டு, கீழே இறக்கி, திரும்ப மேலே போட்டு... கடைசியில் மாட்டை அவிழ்த்துவிட்டது எந்த இடத்தில் என்று ஞாபகம் வந்தபோதுதான் அதற்கு இடம் கிடைத்தது.

அடுத்த மாதம் போனபோது எட்டுப் பக்கம் இருந்தது. ஒவ்வொரு இடப்பெயர்விலும் எதை விட்டுவிட்டு வந்தோம் என்று ஒரு நிரல். முதலில் அலுமாரி, கட்டில். பிறகு தையல் மெசின், சைக்கிள். பிறகு அரிசி. கடைசி வரியில் கையில் இருந்தது அடையாள அட்டையும் ஒரு தண்ணீர்ப் போத்தலும்.

அவனுக்கு விசா கிடைத்தது கணினியால் என்று நான் சொல்ல வரவில்லை. கிடைக்க இரண்டு வருடம் எடுத்தது, வழக்கறிஞர் பட்ட பாடு தனிக்கதை. ஆனால் விசாரணையில் ஆறு மணித்தியாலம் இருந்து ஒரு திகதியும் மாறாமல் சொல்லிவிட்டு வந்தான்.

அவன் அப்படித் தட்டிக்கொண்டிருந்த அதே 2010 ஜனவரியில் ஸ்ரீவ் ஜொப்ஸ் திரும்பவும் மேடையில் நின்றார். கையில் ஐபாட். நெற்புக் எந்த ஒரு வேலையிலும் திறம் இல்லை, அது வெறும் மலிவான மடிக்கணினி என்று சொன்னார். பாதி உண்மைதான். மெதுவாகத்தான் வேலை செய்தது, படம் பார்த்தால் திக்கும். ஆனால் 499 டொலருக்கு அவர் விற்றது பார்க்கிற சாமான். விசைப்பலகை வேண்டுமென்றால் அதைத் தனியே வாங்க வேண்டும். சனத்துக்கு அது பிடித்தது, நெற்புக் விற்பனை விழத் தொடங்கியது. கொம்பனிகளுக்கும் அதில் துக்கம் இல்லை, சொல்லப்போனால் சந்தோசம்தான். ஒரு நெற்புக்கில் வருகிற இலாபம் கொஞ்சம், அதை விற்கப்போய்ப் பெரிய கணினியின் விலையும் இறங்குகிறது என்று அவர்களுக்கு வயிற்றெரிச்சல். 2011இல் இன்ரெல், அல்ட்ராபுக் என்று மெல்லிய, விலைகூடிய மடிக்கணினிகளைத் தூக்கிப் பிடித்தது. சின்னது என்றால் விலை என்கிற பழைய விதியைத் திரும்ப நட்டார்கள். 2012 முடிவில் அசுஸும் ஏசரும் நெற்புக் செய்வதை நிறுத்தின. 2011இல் கூகிள் தொடக்கிய குரோம்புக் அந்த இடத்துக்கு வந்தது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 2020இல் கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் மூடினபோது அது எக்கச்சக்கமாக விற்றதும் உண்மை. நல்ல சாமான்தான், ஆனால் அதன் முழுப் பலனும் இணையம் உள்ள வீட்டில்தான். அந்த ஹைம் அறைக்கு அது சரிவந்திருக்காது.

இப்போது வருகிற அகதிகளின் கையில் எல்லாம் ஸ்மார்ட் போன் இருக்கிறது. பாதை பார்க்க, வீட்டோடு கதைக்க, மொழிபெயர்க்க அதைவிட நல்லது இல்லை. 2015இல் சிரியாக்காரர் வந்தபோது அதைப் பார்த்து, அகதிக்கு எதற்கு இவ்வளவு நல்ல போன் என்று இங்கே சிலர் கேட்டார்கள். எனக்கு வந்த கேள்வி வேறு. எட்டுப் பக்கத்தை அதில் எப்படி எழுதுவது, பந்தியை எப்படி மேலேயும் கீழேயும் தூக்குவது என்பதுதான். இளசுகள் முடியும் என்கிறார்கள். எழுதிக் காட்டினால் நம்புகிறேன்.

மருமகனுக்குப் பின்னேரம் ரெலிபோன் எடுத்தேன். இப்போது அவனுக்கு இரண்டு பிள்ளைகள், லொறி ஓடுகிறான்.

"தம்பி, உன்ரை பெட்டி கெல்லருக்கை கிடந்தது. வேலை செய்யுது. அந்த எட்டுப் பக்கமும் அப்பிடியே இருக்கு."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "மாமி எறியப் போறாவோ?"

"ஓம்."

"வேண்டாமெண்டு சொல்லுங்கோ மாமா. அடுத்த கிழமை அந்தப் பக்கம் லோட் இருக்கு, வந்து எடுக்கிறன்."

வைத்துவிட்டுக் கோப்பைத் திறந்தேன். டொச் விசைப்பலகையைப் பற்றி அவனுக்குச் சொல்லிக் கொடுக்க மறந்துவிட்டேன் போலிருக்கிறது. முதல் வரியிலேயே இருக்கிறது: நான் ஒரு இலங்கைத் தமியன்.